மலையை எந்தத் தோளில் வைத்துக்கொள்வது? தோட்டப்புறத்தில் அடையாளம் பார்த்து வழி செல்லும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் திருமணமோ அம்மன் கோயில் திருவிழாவோ வந்துவிட்டால், அழைப்பிதழின் பின்பக்கத்தில் வழி எழுதிக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். முதன்முதலில் அப்படி எழுதியபோது, "பழைய கள்ளுக்கடைச் சிம்பாங்கில் இடப்பக்கம் திரும்பவும்" என்று எழுதியிருந்தேன். சிம்பாங் என்றால் சாலைப் பிரிவு. கள்ளுக்கடை மூடப்பட்டு, கூரை இறக்கப்பட்டு, அந்த இடத்தில் லாலாங் புல் மண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவேயில்லை. ஜொகூரிலிருந்து காரில் வந்த பெரியப்பா முறை உறவினர் ஒருவர் அந்தச் சிம்பாங்கை நான்கு முறை கடந்து போய்த் திரும்பி, முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்த வேளையில் வந்து சேர்ந்தார். "ஏன்டா தம்பி, கள்ளுக்கடைன்னு எழுதியிருக்க, கடையையே காணோமே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

உள்ளூர்க்காரரின் நினைவில் நிற்பது ஒன்று; புதியவரின் கண்ணில் படுவது வேறொன்று. வழியடையாளம் என்று சொல்லத் தகுந்தது இரண்டாவதுதான். இந்த வேறுபாட்டை மறந்து வழி சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது என்றாலும், தோட்டப்புறத்தில் அதன் விளைவு கடுமையாக இருக்கும். பட்டணத்தில் ஒரு தெருவைத் தவறவிட்டால் அடுத்த தெருமுனையில் பெயர்ப்பலகை இருக்கும்; கேட்பதற்குக் கடைக்காரர் ஒருவராவது இருப்பார். பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டிலோ, மரங்கள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்பட்டு, ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 136 முதல் 148 மரங்கள் வரை நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நேர்வரிசை, அதே நிழல், அதே செம்மண் சடக்கு, அதாவது சாலை. ரப்பர் தரும் பால்மரக் காட்டிலும் நிரை நிரையாக அதே கதைதான். மரத்தை அடையாளமாகக் கொள்ள முடியாத இடத்தில் எதைக் கொள்வது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வழி தேடி வருபவருக்கும், வழி சொல்லும் உள்ளூர்க்காரருக்கும் இது சேர்த்தே பொருந்தும்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியது, போகும் வட்டாரம் எப்படிக் கிடக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்வதாகும். கெடாவின் இந்தப் பகுதிக்கு அந்த வேலையை ஜெராய் மலை எளிதாக்கிவிடுகிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள இந்த மலை ஒரு தொடரின் நடுவே ஒளிந்திராமல், வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே தனித்து எழுந்து நிற்பதால், வெகு தொலைவிலிருந்தே அதன் முதுகு தெரியும். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மரக்கலங்களுக்குக் கரை வந்துவிட்டது என்று சொன்னதும் இம்மலைதான். அதன் தெற்கு அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்கள் கிடைத்திருப்பது தற்செயல் அல்ல. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கியதாக மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் இந்தக் கெடாவே என்பர். அன்று கப்பலோட்டிக்குப் பயன்பட்ட அதே மலை இன்று மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் பயன்படும்; அதைப் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

பார்க்கும் முறை இதுதான். பீடோங்கில் நிற்பவருக்கு ஜெராய் வடமேற்கில் இருக்கும். சுங்கை பட்டாணியில் ஏறக்குறைய வடக்கே தெரியும். குரூணில் மேற்கே, தலைக்கு மேல் சாய்வது போல் நிற்கும். மலைக்கு அப்பால் கடலோரமாக உள்ள யான் என்ற ஊரில் அது கிழக்கே போய்விடும். எனவே சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகக் குரூணுக்குப் போகிறவர், மலை முதலில் எதிரே சற்று இடப்பக்கமாகத் தெரிந்து, பிறகு முழுவதும் இடத்தோள் பக்கம் வந்துவிடுவதைக் காண்பார். அலோர்ஸ்டார் நோக்கி மேலும் போனால் அது இடத்தோளுக்குப் பின்னால் நழுவும். போகும்போது இடத்தோளில் இருந்தது திரும்பும்போது வலத்தோளில் இருக்க வேண்டும். இருக்கவில்லை என்றால் எங்கோ தவறான சடக்கில் ஏறிவிட்டோம் என்று பொருள். திசைகாட்டி இல்லாமலே இந்தச் சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். வடக்கு, தெற்கு என்று சொன்னால் குழம்பிப்போகும் பெரியவர்கள்கூட "மலைய இடப்பக்கமே வச்சுக்கிட்டு வாங்க" என்றால் நேராக வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

மலைக்கும் குறைகள் உண்டு. மழைக்கு முன் மேகம் இறங்கினால் உச்சி மட்டுமல்லாமல் பாதி உடலும் மறைந்துபோகும். 1997இலும் 2015இலும் நாட்டைச் சூழ்ந்தது போன்ற புகைமூட்டம் வந்தால் அடிவாரத்தில் இருப்பவருக்கே மலை தெரியாது. இரவில் அதை எதிர்பார்க்கவே கூடாது. அதனால் தொலைவில் தெரியும் அடையாளத்தைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய இடத்துக்கு அருகிலுள்ள அடையாளத்தை நம்புவதே நல்லது. "மலை தெரியும் இடத்தில் திரும்பவும்" என்று ஒருவர் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். மலை எங்கிருந்துதான் தெரியாது?

ஜெராய் போன்ற ஒன்று எல்லாத் தோட்டப்புறங்களுக்கும் வாய்ப்பதில்லை. தட்டையான நிலத்தில் செம்பனை ஆலையின் புகைபோக்கி, உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டி, தொலைத்தொடர்புக் கோபுரம் ஆகியவை அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆலையாக இருந்தால் புகைக்கு முன்பே வாடை வந்துவிடும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு போகிறவருக்கு அதுவும் ஓர் அடையாளமே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டால். கோபுரங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கும், அடுத்த குன்றிலேயே இன்னொன்று நிற்கும். அடையாளத்துக்கு உயரத்தைவிடத் தனித்தன்மை முக்கியம் என்பதற்குப் பேரா மாநிலத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. தெலுக் இந்தானில் 1885இல் தண்ணீர்த் தொட்டிக்காகவும் மணிக்கூண்டாகவும் கட்டப்பட்ட கோபுரம் 25.5 மீட்டர் உயரமே உள்ளது. இன்றைய அடுக்குமாடிகளோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. ஆனால் அது சாய்ந்து நிற்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்களிடம் "சாஞ்ச கோபுரத்துக்கிட்ட" என்று சொன்ன பிறகு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அடுத்து, கோடுகள். சாலை, கம்பிச் சடக்கு என்னும் ரயில் பாதை, ஆறு, உயர்மின் கம்பி வரிசை ஆகிய நான்கும் நீளமாகக் கிடப்பவை. ஓர் இடத்தைக் காட்டுவதற்கு இவை உதவாவிட்டாலும், எல்லையைக் காட்டுவதற்கு இவற்றுக்கு இணை இல்லை. நம் பகுதியில் ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை (மத்திய அரசின் சாலை), வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, கம்பிச் சடக்கு ஆகிய மூன்றும் ஏறத்தாழ வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. தோட்டத்துக்குள் எவ்வளவு சுற்றிக் குழம்பினாலும், கிழக்கு மேற்காக ஒரே போக்கில் போனால் இவற்றில் ஒன்றில் முட்டிக்கொள்வோம் என்ற தெளிவு பெரிய துணை. கம்பிச் சடக்கைக் கடந்தால் தோட்டம் முடிந்தது என்று தெரிந்தவர் அதைத் தாண்டி அலைய மாட்டார். பழைய ஆட்கள் இன்னும் "ரயில் கேட்டைத் தாண்டி" என்று வழி சொல்வார்கள்; இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டு, 2015இல் மின்சார ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கேட்டுகள் எடுக்கப்பட்டு மேம்பாலங்கள் வந்துவிட்டன. அவர்கள் கேட் என்று சொல்வதை நாம் மேம்பாலம் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கோடுகளிலிருந்து பிறக்கும் ஓர் உத்தியை வழி எழுதுகிற அனைவரும் கைக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னால் வரும் அடையாளத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் எதிர்ப்படும் அடையாளத்தையும் சொல்லிவிடுங்கள். "இரும்புப் பாலத்தைக் கண்டால் தாண்டி வந்துவிட்டீர்கள், திரும்புங்கள்" என்ற ஒரு வரி இருந்தால், வழி தவறியவர் இரண்டு கிலோமீட்டரில் திரும்பிவிடுவார். அது இல்லாவிட்டால் இருபது கிலோமீட்டர் போய் அடுத்த ஊரில் தேநீர் குடித்துவிட்டுத்தான் தொலைபேசியில் அழைப்பார்.

தூரத்தைப் பற்றி ஒரு சொல். மலாயில் 'பாத்து' என்றால் கல்; சாலையோரத்து மைல் கல்லையும், அதிலிருந்து மைலையும் அதே சொல் குறித்தது. நம்மவர் அதைக் கட்டை என்றனர். ஆறாங் கட்டை, ஒன்பதாங் கட்டை என்று இன்றும் ஊர்ப்பெயராகவே வழங்குகிற இடங்கள் நாடு முழுவதும் உள்ளன. 1970களில் நாடு கிலோமீட்டருக்கு மாறிய பிறகு கல்லில் இருந்த எண் மாறிவிட்டது, வாயில் இருந்த எண் மாறவில்லை. ஆகவே எட்டாங் கட்டை என்று கேள்விப்படுபவர் காரின் மீட்டரில் 8 வருவதற்காகக் காத்திருந்தால் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார். அது 8 மைல், அதாவது கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள சடக்கில் இரு முனையிலிருந்தும் எட்டாங் கட்டை இருக்கலாம். இன்றைய சாலையோரக் கிலோமீட்டர் கற்களில் ஊர்ப்பெயரின் எழுத்துச் சுருக்கமும் தூரமும் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பழகுவது வழிக்கு மட்டுமன்று, ஆபத்துக்கும் உதவும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 999க்கு அழைத்து "செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்வதால் பயனில்லை. கிலோமீட்டர் எண்ணையும் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொன்னால் உதவி வந்துவிடும்.

பெயர்ப்பலகைகளின் நிறத்துக்கும் பொருள் உண்டு. பச்சைப் பலகை நெடுஞ்சாலைக்குரியது, நீலம் மற்றச் சாலைகளுக்குரியது, பழுப்பு நிறம் சுற்றுலா இடங்களைக் காட்டுவது. சாலையின் எண்ணில் முன்னால் எழுத்து இல்லாவிட்டால் கூட்டரசுச் சாலை. கெடாவில் மாநிலச் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் 'கே' எழுத்தும் பேராவில் 'ஏ' எழுத்தும் இருக்கும். பலகையில் உள்ள மலாய்ச் சொற்களில் ஒரு பத்துச் சொல் தெரிந்திருந்தால் ஊர்ப்பெயரே அடையாளமாகிவிடும். லாடாங் என்றால் தோட்டம், சுங்கை ஆறு, புக்கிட் குன்று, கோலா ஆற்றுமுகம், தஞ்சோங் முனை, தெலுக் குடா, ஜம்பாத்தான் பாலம், சிம்பாங் சாலைப் பிரிவு. பெயரில் சுங்கை இருந்தால் அருகில் எங்கோ தண்ணீர் ஓடுகிறது, புக்கிட் இருந்தால் ஏற்றம் வரும் என்று எதிர்பார்க்கலாம். மரத்தின் பெயராலேயே அறியப்படும் தோட்டமும் உண்டு. கோலா சிலாங்கூர்ப் பகுதியில், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். தோட்டத்துக் கோயிலுக்குப் பலகை வைத்திருந்தால் அதில் 'குயில்' என்று எழுதியிருக்கும். தமிழின் 'கோயில்' என்ற சொல்தான் மலாயில் அப்படியாயிற்று. பறவையைத் தேட வேண்டாம்.

தோட்டத்து வாசலுக்கு வந்த பிறகு அடையாளங்களின் தன்மை மாறுகிறது. இங்கே பெரும்பாலும் முதலில் எதிர்ப்படுவது முனீஸ்வரர். சாலை பிரியும் இடத்தில், பெரிய மரத்தடியில், சூலமும் மஞ்சள் துணியுமாக அவர் நிற்பது எல்லைக் காவலுக்காக. பிறந்த ஊரில் எல்லைச் சாமியை விட்டுவந்தவர்கள் புதிய மண்ணில் முதலில் நட்டதும் அவரைத்தான். வண்டியை மெதுவாக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருப்பதால், அந்த இடத்தில் புதியவரின் கண்ணும் தானாகவே நின்றுவிடுகிறது. வழியடையாளமாக இதைவிடச் சிறந்தது வேறில்லை என்பது என் கருத்து. கடை மூடப்படும், பலகை துருப்பிடிக்கும், மரம் வெட்டப்படும். சாமியை அவ்வளவு எளிதில் யாரும் பெயர்ப்பதில்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறும்போது அவரும் இடம்பெயர்வதுண்டு என்பது உண்மைதான். அப்படி நடந்தால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், வழி எழுதுகிறவருக்குத் தெரியாமல் போகாது.

டிவிஷனைக் கேட்டறிவது அடுத்தது. பெரிய தோட்டங்கள் பல டிவிஷன்களாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), தனிக் கோயில், சிலவற்றில் தனிப் பள்ளி. பீடோங் பகுதியில் ஹார்வர்ட் தோட்டம் என்ற பெயரிலேயே மூன்று தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லாமல் "ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி" என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது என்று வருபவர் ஊகிக்க வேண்டியதாகும். தொலைபேசியில் உள்ள வழிகாட்டிச் செயலிகளும் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகின்றன. தோட்டத்தின் பெயரைக் கொடுத்தால் அலுவலகத்தையோ ஏதோ ஒரு நடுப்புள்ளியையோ காட்டும். அறுவடைச் சடக்கைச் சாலை என்று நினைத்து, பூட்டிய இரும்புத் தடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசல்வரை அதை நம்பலாம். அதற்குள் அடையாளத்தையும் காவல் சாவடியில் இருப்பவரையும் நம்ப வேண்டும். உள்ளே அலைவரிசை கிடைக்காமல் போகலாம் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

செம்பனைக் காட்டின் நடுவே போக வேண்டி வந்தால், மரத்தைப் பார்க்காமல் பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு காட்டுத்துண்டின் முனையிலும் சிறிய பலகை நட்டு, அதில் துண்டின் எண், நட்ட ஆண்டு, பரப்பளவு முதலியவற்றை எழுதி வைப்பது தோட்டங்களின் வழக்கம். அந்த எண்களை வரிசையாகக் கவனித்துக்கொண்டே போனால் எந்தத் துண்டிலிருந்து எதற்கு வந்தோம் என்பது தெரியும். சம நிலத்தில் சடக்குகள் கட்டம் கட்டமாகக் கிடப்பதால், எத்தனை சடக்கைக் கடந்தோம் என்று எண்ணிக்கொள்வதும் உதவும். மேட்டு நிலத்தில் படிக்கட்டுப் போல வெட்டிய வரப்புகளில் நட்டிருப்பார்கள். அங்கே சடக்கு மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போவதால் திசை உணர்வு சீக்கிரம் கெடும், எண்ணிக்கையும் கை கொடுக்காது. அங்கு ஒரே வழி, ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பார்ப்பது.

திரும்பிப் பார்ப்பது என்று நான் சொல்வதை நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும். போகும்போது பார்த்த பிரிவு, திரும்பி வரும்போது வேறு முகத்தோடு இருக்கும். போகையில் ஒரே சடக்காகத் தெரிந்தது வருகையில் இரண்டாகப் பிரிந்து நின்று எது என்று கேட்கும். எனவே திரும்பியவுடன் பத்தடி போய் நின்று, வந்த வழியை ஒருமுறை நோக்கி, முடிந்தால் அந்தக் கோணத்திலேயே தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த அக்கறை நம்மிடம் புதிதாக வந்ததல்ல. பரிசில் பெற்று வந்த கலைஞர் பெறாதவருக்கு வழி சொல்வதாக அமைந்த ஆற்றுப்படைகளில் ஒன்றான மலைபடுகடாம், அந்த நிலத்தை முன்பு அறியாத புதியவர்கள் வழி பிரியும் இடத்தைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகுமாறு சொல்கிறது. போகும் இடத்தின் பெயர் தெரியுமாறு மரத்தடிக் கல்லில் வெட்டி எழுதி வைத்ததைப் பற்றியும் பேசுகிறது. நாங்கள் புல்லுக்குப் பதில் ரேஃபியா கயிற்றைப் பயன்படுத்துகிறோம். பிரிவில் நிற்கும் செம்பனை மட்டையில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டால் பின்னால் வரும் வண்டிகளுக்கும் அது வழி சொல்லும். விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவது மரியாதை. அவிழ்க்காமல் விட்ட கயிறு அடுத்த வாரம் வேறு யாரையோ வேறு எங்கோ கொண்டுபோய் விடும். மலாய்க்காரர் வீட்டுத் திருமணங்களுக்குச் சாலை முனைகளில் நட்டு வைக்கும் வண்ணத்தாள் சுற்றிய மங்கார் பூங்கோல்களும் இத்தகைய தற்காலிக அடையாளங்களே. சனி ஞாயிறுகளில் அவற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் அழைக்கப்படாத திருமணத்தில் நெய்ச்சோறு கிடைக்கும்.

வெயிலைக் கொண்டு திசை பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. 1982 சனவரி முதல் மலேசியத் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்ட பிறகு, கெடாவில் உண்மையான நண்பகல் பிற்பகல் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில்தான் வருகிறது. அந்த நேரத்தை ஒட்டி நிழல் காலடியிலேயே விழுவதால் அதைக் கொண்டு ஒன்றும் அறிய முடியாது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4.30க்குப் பின்பும் நிழலை நம்பலாம். வெயில் இல்லாத நாளில் வழிபாட்டு இடங்கள் கைகொடுக்கும். பள்ளிவாசல்கள் மக்காவை நோக்கி அமைவதால், இந்நாட்டில் தொழுகைச் சுவர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். இதில் பெரும்பாலும் பெரிய பிழை வருவதில்லை. நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. ஆனால் காளி வடக்கு நோக்கியும் இருப்பாள், சிறு சன்னிதிகள் இடத்துக்கு ஏற்பத் திரும்பியும் இருக்கும். ஆகவே கோயிலை இடத்துக்கும் பள்ளிவாசலைத் திசைக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி வழி எழுதும் முறை. எழுதப்போகும் ஒவ்வோர் அடையாளத்தையும் மூன்று கேள்விகளால் சலித்துப் பாருங்கள். அது இன்று அங்கே இருக்கிறதா? வருகிறவர் வரும் திசையிலிருந்து தெரிகிறதா? அதே போன்றது அருகில் வேறொன்று இல்லாமல் இருக்கிறதா? பெட்ரோல் நிலையம் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடும். ஒரே நிறுவனத்தின் நிலையம் சாலையின் இரு பக்கத்திலும் எதிரெதிரே நிற்பதுண்டு. பல பலகைகள் இரண்டாவதில் விழும், ஏனெனில் அவற்றின் முகம் ஒரு திசைக்கு மட்டுமே. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், இடப்பக்க அடையாளமே ஓட்டுநருக்கு எளிதில் படும். வலப்பக்கம் இருப்பதை எதிரே வரும் லாரி மறைத்துவிடும். கற்பனைத் தோட்டம் ஒன்றை வைத்து மாதிரி காட்டுகிறேன்: "சாலை முனையில் இடப்பக்கம் நீலக் கூரை போட்ட பேருந்து நிறுத்தம், அதை ஒட்டி இடப்பக்கம் திரும்பவும். 300 மீட்டரில் வலப்பக்கம் முனீஸ்வரர் கோயில். அதிலிருந்து செம்மண் சடக்கில் 2 கிலோமீட்டர், பிரியாமல் நேரே. சிறு பாலம் தாண்டியதும் இடப்பக்கம் பள்ளித் திடல், அதற்குப் பின்னால் மண்டபம். பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டு இரும்புப் பாலத்துக்கு வந்துவிட்டால் திரும்பவும்." பழையது, அந்தக் காலத்து, முன்பு இருந்த என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றில் ஒன்று வந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்கும்போது இதே கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். தோட்டத்துப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் "கிட்டத்தான்யா" என்பதற்கு அளவு கிடையாது. ஒரு காலத்தில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம் அவர்களுக்குக் கிட்டத்தான். "ஆயா, போற வழியில முதல்ல என்ன வரும்?" என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும், ஏனென்றால் அப்போது அவர் மனத்தால் நடக்கத் தொடங்கிவிடுகிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு புறப்படுங்கள்.

இரவு வருபவருக்குத் தனி வழி எழுத வேண்டும். பகல் அடையாளங்களில் பாதி இருட்டில் இல்லை. கோயிலின் குழல்விளக்கு, பள்ளிவாசலின் பச்சை விளக்கு, வண்டி விளக்குப் பட்டால் மின்னும் பலகை, சடக்கு தாரிலிருந்து செம்மண்ணுக்கு மாறும்போது சக்கரத்தில் கேட்கும் ஓசை, பாலத்தில் ஏறும்போது வரும் சிறு குலுக்கல் ஆகியவையே இரவில் மிஞ்சுகின்றன. இறப்பு வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் வருவார்கள் என்பதையும், அவர்கள் கலங்கிய நிலையில் ஓட்டுவார்கள் என்பதையும் நினைத்து, சிம்பாங்கில் ஓர் ஆளை டார்ச் விளக்கோடு நிறுத்துவது எழுத்தைவிட மேல்.

எழுதி முடித்த வழியை எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. அவர் கண்ணில் கள்ளுக்கடை எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் மருமகனிடமோ, புதிதாக வண்டி ஓட்டப் பழகிய பிள்ளையிடமோ தாளைக் கொடுத்து, நாம் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவரை ஓட்டச் சொல்ல வேண்டும். அவர் வேகத்தைக் குறைத்துத் தயங்கும் இடங்களில் எல்லாம் ஒரு வரி கூட்ட வேண்டும். சென்ற ஆண்டு எழுதிய வழியை இந்த ஆண்டும் அப்படியே அச்சுக்குக் கொடுப்பதும் கூடாது. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் அழித்து மறுநடவு செய்கிறார்கள். அப்போது மரம் மறைத்திருந்த கோயில் கோபுரமும் ஆலைப் புகைபோக்கியும் திடீரென்று சாலையிலிருந்தே தெரியத் தொடங்கும்; அவற்றை நம்பி எழுதிவிடத் தோன்றும். கன்று வளர்ந்து, சில ஆண்டுகளில் மட்டைகள் காரின் உயரத்தைத் தாண்டியதும் அவை மீண்டும் மறைந்துவிடும். அதனால் மறுநடவுக் காட்டை ஒட்டி வழி எழுதும்போது தாளின் மூலையில் ஆண்டையும் குறித்து வைக்கிறேன். அடுத்த முறை எடுக்கும்போது, எதை எதையெல்லாம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.